நிவாரணப் பணத்தில் ஊர்ச் சங்கத்துக்கு என்ன பங்கு?

மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறந்தால் எந்த வீதி முதலில் மூழ்கும், கிரான் புலிபாய்ந்தகல் வீதி மறிபட்டால் அந்தப் பக்கம் யாரிடம் தோணி இருக்கிறது, எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி தனியாக இருக்கிறா என்பதெல்லாம் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் மாதர் சங்கத்துக்கும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களுக்கும் அத்துப்படி. வெள்ளத்தில் முதலில் இறங்குவதும் அவர்கள்தான். காசு வரும்போது மட்டும் அவர்கள் பெயர்ப் பட்டியல் எழுதிக் கொடுக்கிற ஆட்களாகவும் பொதி இறக்குகிற ஆட்களாகவும் ஆகிவிடுகிறார்கள். இதை மாற்றுவதாக உலக அளவில் ஒரு வாக்குறுதி இருக்கிறது, நம் ஊர்ச் சங்கங்களில் பலருக்கு அது தெரியாது.

2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சி மாநாட்டில் பெரிய கொடை நாடுகள், ஐ.நா. அமைப்புகள், சர்வதேச என்ஜிஓக்கள் சேர்ந்து கிராண்ட் பார்கெயின் என்ற இணக்கப்பாட்டுக்கு வந்தன. அதில் நமக்கு வேண்டிய வரி இதுதான்: மனிதாபிமான நிதியில் குறைந்தது 25 சதவீதம் 2020க்குள் உள்ளூர், தேசிய அமைப்புகளுக்கு இயன்றவரை நேரடியாகப் போக வேண்டும். உலக மொத்தமாகப் பார்த்தால் 2020 வந்தபோது அது நடக்கவில்லை. இது சட்டமும் இல்லை, வழக்குப் போட முடியாது. ஆனால் கையெழுத்துப் போட்ட நிறுவனம் உங்கள் ஊருக்கு வந்தால், நீங்கள் இதை எப்படி நிறைவேற்றுகிறீர்கள் என்று அதனிடம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

அதில் ஓர் ஓட்டையும் உண்டு. நடுவில் ஒரே ஒரு நிறுவனம் நின்று பணத்தைக் கைமாற்றினாலும் அது கணக்கில் சேரும், கொழும்பில் இருக்கிற தேசிய அமைப்புக்குப் போனாலும் சேரும், அரச நிறுவனத்துக்குப் போனாலும் சேரும். ஆக, வாகரையிலோ திருக்கோவிலிலோ இருக்கிற சங்கம் ஒரு ரூபாயும் காணாமலே 25 சதவீதத்தைக் காட்டிவிடலாம். என்னைக் கேட்டால் சதவீதத்தைவிட, திட்டம் போடுகிற மேசையில் ஊர்ச் சங்கத்துக்குக் கதிரை இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

இது புதிய குறையும் இல்லை. 2004 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். அதன் பிறகு நடந்த நிவாரணப் பணிகளை ஆராய்ந்த சர்வதேச மதிப்பீட்டுக் கூட்டமைப்பு, வெளியிலிருந்து வந்த நிறுவனங்கள் உள்ளூர்த் திறமைகளை ஓரங்கட்டின என்று 2006 இல் தானே எழுதி வைத்தது.

சரி, சங்கம் என்ன செய்யலாம்? யாராவது வந்து பயனாளிகள் பட்டியல் கேட்டால், அதற்கு முன் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் கேளுங்கள். அதில் உங்கள் வேலை என்ன, தொகை எவ்வளவு, யாரைச் சேர்ப்பது என்ற முடிவில் உங்களுக்குப் பங்கு உண்டா என்பது இருக்கட்டும். அடுத்தது நிர்வாகச் செலவு. தொலைபேசி, கணக்கு எழுதுபவருக்கான கொடுப்பனவு, அலுவலக வாடகை போன்றவற்றுக்கும் உள்ளூர்ப் பங்காளிகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று ஐ.நா. அமைப்புகளும் என்ஜிஓக்களும் சேர்ந்த நிலைக்குழு 2022 இல் வழிகாட்டல் வெளியிட்டது. பொதி வாங்கும் காசை மட்டும் தந்துவிட்டு மிச்சத்தைத் தொண்டு என்று சொல்பவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். தங்களுடைய வாகனத்துக்கு டீசல் அடிப்பதை அவர்கள் தொண்டாகச் செய்வதில்லையே.

நம் பக்கத்திலும் ஓட்டைகள் இருக்கின்றன. பதிவு காலாவதியான சங்கம், ஒருவர் கையெழுத்தில் ஓடுகிற வங்கிக் கணக்கு, கூட்டக் குறிப்புப் புத்தகமே இல்லாத நிர்வாகம் என்றால் எந்த நிறுவனமும் பணம் தரப் பயப்படும். கஷ்டம் பெரும்பாலும் பற்றுச்சீட்டில்தான். வெள்ள நேரத்தில் உழவு இயந்திரம் கொண்டு வருகிறவர் பில் புத்தகம் வைத்திருக்க மாட்டார். பெயர், அடையாள அட்டை இலக்கம், எங்கிருந்து எங்கே, எத்தனை தடவை, எவ்வளவு காசு என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி, சங்க உறுப்பினர் ஒருவரைச் சாட்சியாகப் போட்டு அன்றைக்கே கோப்பில் வையுங்கள். மூன்று மாதம் கழித்துத் தேடினால் அவர் அறுவடையில் நிற்பார்.

பாடசாலையில் நலன்புரி முகாம் நடத்துகிற மாதர் சங்கங்கள், நிவாரண உதவிக்கு உலக அளவில் பின்பற்றப்படும் குறைந்தபட்ச அளவுகோலான ஸ்பியர் தரத்தையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம், ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் இடம். 20 அடிக்கு 20 அடி வகுப்பறையில் பத்துப் பேர்தான் என்று அர்த்தம். நாம் எத்தனை பேரைப் படுக்க வைக்கிறோம் என்று கேட்காதீர்கள்.

கேட்டும் பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்துக்கும் மாவட்ட செயலகத்துக்கும் மட்டும் உரியது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசு அல்லது சர்வதேச அமைப்பிடமிருந்தோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை செய்கிற என்ஜிஓவும், அந்தச் சேவை தொடர்பான தகவல் அளவுக்கு, இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. உங்கள் ஊர்ப் பெயரில் எவ்வளவு நிதி வந்தது, எதற்குச் செலவானது என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கடிதத்தைக் கையில் கொடுத்தால் பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்காமல் திரும்பாதீர்கள்.