கமராவை வெப்கேமாக்கினால் படம் ஏன் துடிக்கிறது?

இரவு ஒன்பதரைக்கு வெள்ளவத்தைத் தொடர்மாடியிலிருந்து ரொறொன்ரோவுக்கு ஸூம் அழைப்பு. மடிக்கணினியின் கமராவில் முகம் புள்ளிபுள்ளியாகத்தான் போய்ச் சேரும். அதன் ஒளியுணரி சில மில்லிமீற்றர் அகலமே. அலுமாரியில் தூங்கும் ஏபிஎஸ்-சி (பெரிய உணரி வகை) கமராவின் உணரியோ ஏறத்தாழ 23 மி.மீ. அதே விளக்கில் பல மடங்கு வெளிச்சத்தை அள்ளும்.

புதிய கமராக்கள் சில யூஎஸ்பி வயரைச் செருகியதுமே வெப்கேமாக வேலை செய்யும். பழைய மாதிரிகள் சிலவற்றுக்கு கனன், நிக்கொன், சொனி ஆகியவை 2020இல் மென்பொருள் வெளியிட்டன. அதுவும் இல்லையென்றால் எச்டிஎம்ஐ வயரும், அதில் வரும் படத்தை யூஎஸ்பி வழியாகக் கணினிக்குக் கொடுக்கும் கெப்சர் கார்டும் தேவை. கமராவின் துளை மினியா மைக்ரோவா என்று பார்த்துவிட்டு வயர் வாங்கப் போங்கள். மெனுவில் எச்டிஎம்ஐ தகவல் காட்சியை நிறுத்தாவிட்டால் பற்றரிக் குறி உங்கள் நெற்றியிலேயே நிற்கும்.

1080 வரிப் படம் நொடிக்கு 30 சட்டம் (ஃபிரேம்) வீதம் சுருக்காமல் போக, நொடிக்குச் சுமார் 1000 மெகாபிற் வேண்டும். யூஎஸ்பி 2.0 தாங்குவது 480. அதனால் மலிவுக் கார்ட் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. முனை நீலமாக இருப்பதை மட்டும் நம்பி வேகமான யூஎஸ்பி 3.0 என்று காசு கொடுக்காதீர்கள்.

எல்லாம் சரியாகப் பூட்டியும் படம் துடிக்கிறதா? குற்றவாளி பெரும்பாலும் கூரை விளக்கு. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதில் எரியும் ரியூப் லைற்றும் மலிவு எல்ஈடியும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. ஷட்டர் வேகம் 1/60 நொடி என்றால் ஒரு சட்டத்துக்குள் 1.67 துடிப்பு விழும். துடிப்பு முழுதாக விழாததால் ஒரு சட்டம் வெளுக்கும், அடுத்தது கறுக்கும். 1/50இல் சரியாக இரண்டு, 1/100இல் சரியாக ஒன்று. ஷட்டரைக் கையால் இந்த இரண்டில் ஒன்றுக்கு மாற்றினால் போதும், துடிப்பு அடங்கிவிடும்.

கார்ட் வழியாக வரும் படம் சற்றுப் பிந்தும், குரல் முந்திவிடும். மைக்கைக் கமராவிலேயே செருகி, ஸூமில் கார்ட்டையே ஒலி மூலமாகத் தெரிவுசெய்தால் இரண்டும் சேர்ந்தே பிந்தும்.

நீண்ட அழைப்புக்குப் பற்றரி தாங்காது. பற்றரி வடிவிலேயே, சுவர் மின்சாரத்தில் செருகும் வயருடன் வரும் டம்மி பற்றரியை, உங்கள் பற்றரியின் மாதிரி எண்ணுக்கு உரியதாகப் பார்த்து வாங்குங்கள். தானாக அணையும் வசதியை நிறுத்துங்கள். கமராவின் திரையை அதன் உடலிலிருந்து விரித்து வைத்தால் சூடு கொஞ்சம் வெளியேறும். கொழும்பு வெக்கையில் 4கேயில் ஓடவிடவே வேண்டாம். கரண்ட் போனால் மடிக்கணினி தப்பும், டம்மி பற்றரியில் ஓடும் கமரா அந்த நொடியே அணையும். சார்ஜ் ஏறிய உண்மையான பற்றரி ஒன்று மேசையிலேயே இருக்கட்டும்.