மழை இல்லையா, கணக்கு வரவில்லையா?

ராதாபுரம் மழைமானியில் ‘0’ என்று பதிவானால் அன்று அங்கே மழை இல்லை. திருநெல்வேலி மலையில் மாஞ்சோலைக்கு மேலே உள்ள நாலுமுக்கிலிருந்தோ ஊத்திலிருந்தோ அளவு வந்துசேரவில்லை என்றால் அது பூஜ்யம் ஆகாது. அங்கே கொட்டித் தீர்த்திருக்கவும் கூடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த சீமை இது. இங்கே இந்த இரண்டையும் குழப்பும் தரவுத்தளம் ஆபத்தானது.

‘தெரியவில்லை’ என்பதற்குத் தரவுத்தளத்தில் உள்ள குறி ‘நல்’ (NULL). நான்கு நிலையங்களில் மூன்று 40, 20, 0 மி.மீ. அனுப்ப, நான்காவது வரவில்லை என்று கொள்வோம். அதை ‘நல்’ என்று பதிந்தால் அது கணக்கில் சேராது, சராசரி 20. பூஜ்யம் என்று பதிந்தால் 15. எந்தப் பிழைச் செய்தியும் வராது.

அளவுகளைத் தரவுத்தளத்தில் சேர்ப்பது இன்சர்ட் கட்டளை. முன்தயாரித்த (prepared) இன்சர்ட் கட்டளையில் மதிப்புகளுக்கான இடங்களைக் கேள்விக்குறியால் குறித்துவிட்டு, கட்டளையை முதலில் சர்வருக்கு அனுப்புகிறோம். அது பொருள் பிரித்து வைத்துக்கொள்கிறது. மதிப்புகள் பிறகு தனியே போகின்றன. ஆகவே அவற்றில் எது இருந்தாலும் கட்டளையாக மாறாது. ‘நல்’ என்ற சொல்லைச் சரமாக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக, அனுப்பினாலும் இதே கதிதான்: அட்டவணையின் எழுத்துப் பத்தியில் (column) அது வெறும் சொல்லாகவே உட்கார்ந்துவிடும்.

அப்படியானால் இல்லாத ஒன்றை எப்படி அனுப்புவது? போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இதற்கு வைத்திருக்கும் வழி அழகானது. ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் அதன் நீளம் போகிறது. நீளம் 0 என்றால் வெற்றுச் சரம். -1 என்றால் ‘நல்’, அதன்பின் ஒரு பைட்டும் வராது. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருள் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பிட் ஒதுக்கி, எது ‘நல்’ என்று அதில் குறிக்கிறது.

இந்த ஏற்பாடு இருந்தும் தவறு நேர்வது பெரும்பாலும் அதற்கு முன்பே. இணையப் படிவத்தில் நிரப்பாமல் விட்ட பெட்டி வெற்றுச் சரமாக வருகிறது. பிஎச்பி என்ற நிரல்மொழியில் அதை எண்ணாக மாற்றினால் கிடைப்பது பூஜ்யம். எனவே எண்ணாக்கும் முன்பே பெட்டி காலியா என்று பார்த்து, காலியென்றால் ‘நல்’லையே இணைக்க வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் ‘நன்’ (None) என்று கொடுத்தால் போதும். ஜாவா நிரல்மொழியில் ‘செட்நல்’லை (setNull) அழைத்து, பத்தியின் வகையையும் சொல்ல வேண்டும்.

ஜாவாவில் வாசிக்கும்போதும் கவனம் தேவை. ‘கெட்டபுள்’ (getDouble) என்று கேட்டால், ‘நல்’லாக இருக்கும் இடத்திலும் 0 என்றே பதில் வரும். உடனே ‘வாஸ்நல்’ (wasNull) என்று கேட்டால்தான் அந்த 0 மானி காட்டியதா, இல்லையா என்று தெரியும்.