ரெம்னன்ட்: மிச்சமா, எச்சமா?

முழங்காலுக்குள்ள ரெண்டு எலும்பையும் சேர்த்துக் கட்டற ஏசிஎல்ங்கற லிகமென்ட் அறுந்து ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க டிஸ்சார்ஜ் சம்மரில சில சமயம் 'ரெம்னன்ட் பிரிசர்வ்டு'ன்னு ஒரு வரி இருக்கும், அத பார்த்துட்டு ஐயோ உள்ள எதையோ மறந்து விட்டுட்டாங்களோன்னு பயந்துடாதீங்க. லத்தீன் 'ரெமனேரே', அதாவது பின்தங்கி நிக்கிறது, அது பிரெஞ்சு வழியா வந்து ரெம்னன்ட் ஆச்சு. இங்க அது அறுந்த லிகமென்ட்டோட மீதி, பெரும்பாலும் கீழ் எலும்புல ஒட்டிட்டு நிக்கிற துண்டு. டாக்டருங்க ஸ்டம்ப்னும் சொல்வாங்க, கிரிக்கெட் ஸ்டம்ப் இல்ல, மரத்த வெட்டினா நிக்குமே அந்த அடிக்கட்டை.

மூட்டுக்குள்ள விடற கேமரால பார்த்தா பிரி பிரியா போன கயித்து நுனி மாதிரி ஆடிட்டு இருக்கும். முன்னெல்லாம் அத ஷேவர்ங்கற கருவி வெச்சு வழிச்சு எடுத்துட்டுத்தான் புது நார், அதாவது கிராஃப்ட், வைப்பாங்க. ஏன்னா ஏசிஎல் லேசுல தானா ஒட்டாது, மூட்டுக்குள்ள இருக்கற திரவத்துல ரத்தம் கட்டியா உறைஞ்சு நிக்காது, உறைஞ்சாத்தானே ரெண்டு முனைக்கும் பாலம் விழும். அந்தத் திரவத்துக்கு வெளிய, முழங்காலோட உள்பக்க ஓரமா போற எம்சிஎல்ங்கற இன்னொரு லிகமென்ட்டுக்கு அந்தத் தொல்லை இல்ல, பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமயே ஆறிடும்.

ஆனா அந்த அடிக்கட்டை செத்துப் போனது இல்லங்க. ரத்தக்குழாய், ஸ்டெம் செல், கால் எந்தக் கோணத்துல இருக்குன்னு மூளைக்குச் சொல்ற நரம்பு முனை எல்லாம் அதுல இருக்கு, அதனால சில சர்ஜன்கள் அத வழிக்காம அதுக்கு நடுவுலயே கிராஃப்ட்ட நுழைச்சுடறாங்க, புதுசுக்குப் பழச போர்த்திவிட்ட மாதிரி. ரொம்ப மாசம் கழிச்சு ஆபரேஷனுக்குப் போனா அது சுருங்கிக் கரைஞ்சிருக்கும். நிறைய விட்டாலும் வம்பு, முன்பக்கம் உருண்டையா திரண்டு கால முழுசா நீட்ட விடாது. கேமரால கண்ணு மாதிரி தெரியறதால அதுக்கு 1990ல சைக்ளாப்ஸ்னு பேரு வெச்சாங்க, கிரேக்கக் கதைல வர்ற ஒத்தக்கண் அரக்கன். அடிக்கட்டைய விட்டு வைக்கறதால நோயாளிக்குக் கூடுதல் பலன் எவ்ளோன்னா, ஆய்வுகள் ஒரே குரல்ல பேசல.

சரி, தமிழ்ல என்ன? 'கழிவு' சுத்தத் தப்பு, 'மிச்சம்' சாப்பாட்டு வாடை அடிக்குது. என் ஓட்டு எச்சத்துக்கு. எஞ்சுறது எச்சம். காக்கா எச்சம்தான் ஞாபகம் வரும், ஆனா பள்ளிக்கூடத்துல வினையெச்சம் படிச்சோமே, 'வந்து'ன்னு நின்னா அடுத்து ஒரு வினை வந்து முடிக்கணும், அறுந்த நாரும் அப்படி கிராஃப்ட்டுக்குக் காத்துட்டுத்தான் நிக்குது. லிகமென்ட்ட தசைநார்னு எழுதறதும் எனக்கு ஒப்பல, தசைய எலும்போட கட்டறது டெண்டன், அது தசைநாண். எலும்ப எலும்போட கட்டறதுக்கு இணைநார்னா போதும், லத்தீன் 'லிகாரே'யும் கட்டுறதுதான்.

ஆக அந்த டிஸ்சார்ஜ் வரி: 'இணைநார் எச்சம் தக்கவைக்கப்பட்டது'.