எம்.ஜி.பி.க்கு வெபர் கார்புரேட்டர்: முதலில் மேனிஃபோல்டைப் பாருங்கள்

எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சி.சி. எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஆனால் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் காற்று நுழையும் வாய் இரண்டே இரண்டு. 1, 2 சிலிண்டர்களுக்கு ஒன்று. 3, 4 சிலிண்டர்களுக்கு இன்னொன்று. காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுப்பது கார்புரேட்டர். வண்டியோடு வந்த பழைய இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்களைக் கழற்றிவிட்டு, வெபர் என்ற வேறு தயாரிப்பை மாட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் கார்புரேட்டரின் அளவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மதுரை வெயிலில் அந்த வண்டி ஒழுங்காக ஓடுமா என்பதைத் தீர்மானிப்பது, கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அலுமினியக் குழாயான மேனிஃபோல்டு.

எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை, 1-3-4-2. அதனால் 2-ஆம் சிலிண்டர் இழுத்து முடித்து அதன் வால்வு மூடுவதற்குள்ளேயே, அதே வாயிலிருந்து 1-ஆம் சிலிண்டர் இழுக்கத் தொடங்கிவிடுகிறது. 3-க்கும் 4-க்கும் இதே கதை. ஒரே தெருக்குழாயில் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போட்டால் நம் வீட்டில் தண்ணீர் குறைவதுபோல, ஒன்றின் பங்கை மற்றொன்று பிடுங்குகிறது. இரண்டும் இழுத்தபின் ஏறத்தாழ ஒரு முழுச் சுற்றுக்கு அந்த வாயில் ஓட்டமே இல்லை. இப்படி விட்டுவிட்டு இழுக்கும் எஞ்சினுக்கு, மேனிஃபோல்டு பெரிதாக இருந்தால் நல்லது என்ற கணக்கு பொருந்தாது.

சந்தையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேலிருந்து கீழே ஊற்றும் வெபர் 32/36 டி.ஜி.வி. இதில் காற்று போகும் குழல்கள், அதாவது பாரல்கள், இரண்டு. சிறியது முதலில் திறக்கும். ஆக்சிலேட்டரை இன்னும் ஆழமாக அழுத்தினால்தான் பெரியது திறக்கும். ஊருக்குள் ஓட்டுவதற்கு இது சாதுவானது. ஆனால் மேனிஃபோல்டில் இரண்டு பாரலுக்கும் கீழே ஒரு பொது அறை இருக்க வேண்டும். நடுவில் சுவர் வைத்த வார்ப்பை வாங்கினால், சிறிய பாரல் ஒரு ஜோடி சிலிண்டருக்கு மட்டுமே ஊட்டும். மேலும் கலவை இங்கே 90 டிகிரி திரும்புகிறது. காற்று திரும்பிவிடும், கனமான பெட்ரோல் துளிகள் நேரே போய் அறையின் தரையில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தரையைச் சுடுதண்ணீர் ஓட்டி மிதமாகச் சூடாக்கும் வசதி உள்ள மேனிஃபோல்டே நல்லது.

இன்னொன்று, பக்கவாட்டில் மாட்டும் வெபர் 45 டி.சி.ஓ.இ. ஒரு பாரலுக்கு ஒரு வாய் என நேராக அமையும். இதில் 45 என்பது த்ராட்டில், அதாவது ஆக்சிலேட்டரால் திறந்து மூடும் தகடு, இருக்கும் துவாரத்தின் மில்லிமீட்டர் அளவு. காற்றின் வேகத்தை நிர்ணயிப்பது உள்ளே மாற்றிப்போடக்கூடிய வென்ச்சுரி என்ற குறுகிய கழுத்து. 5,500 ஆர்.பி.எம்.மில், சிலிண்டர்கள் 80 சதவீதம் நிரம்புவதாக வைத்துக்கொண்டால், எஞ்சின் வினாடிக்குச் சுமார் 66 லிட்டர் காற்று கேட்கும். ஒவ்வொரு பாரலும் பாதி நேரம் மட்டுமே இழுபடுவதால், 36 மி.மீ. வென்ச்சுரியில் இழுக்கும்போது வேகம் வினாடிக்கு 65 மீட்டர், 34 மி.மீ.யில் 73 மீட்டர். பெட்ரோலை உறிஞ்சும் அழுத்தக் குறைவு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே அந்த 2 மில்லிமீட்டரைக் குறைத்தாலே உறிஞ்சும் வலு 25 சதவீதம் கூடுகிறது. கோரிப்பாளையம், காளவாசல் சிக்னல்களில் நின்று நின்று கிளம்பும் வண்டிக்கு இந்த வலுதான் பிக்கப். பந்தயத்துக்கு இல்லை என்றால் 34 போதும்.

டி.சி.ஓ.இ.க்கான மேனிஃபோல்டு குட்டையாகவும் வரும், நீளமாகவும் வரும். பிஸ்டன் இழுக்கும்போது எழும் அழுத்த அலை குழாயின் திறந்த வாய்வரை போய்த் திரும்புகிறது. வால்வு மூடும் முன் திரும்பி வந்தால் கூடுதல் காற்றை உள்ளே தள்ளும். குழாய் நீளமானால் அலை திரும்ப நேரமாகும், அதனால் குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே பலன் கிடைக்கும். சாலை வண்டிக்கு, இடம் அனுமதிக்கும் அளவில் நீளமானதை எடுக்கலாம். வாங்குமுன் ஹெட்டிலிருந்து உள் மட்கார்டுவரை அளக்க வேண்டும். அதற்குள் மேனிஃபோல்டு, கார்புரேட்டர், ஏர் ஃபில்டர் மூன்றும் அடங்கியாக வேண்டும். மாட்டியபின் கார்புரேட்டர் ஏறத்தாழ மட்டமாக நிற்க வேண்டும். அதிகம் சாய்ந்தால் உள்ளே பெட்ரோல் மட்டமே மாறிவிடும்.

அதிகம் கெட்டுப்போவது பொருத்தும் இடத்தில்தான். இந்த எஞ்சினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு மேனிஃபோல்டும் ஒரே பக்கம். ஹெட்டில் நிற்கும் மரைக்கம்பிகளான ஸ்டட்களில், நடுவில் உள்ளவற்றின் தடித்த வாஷர்கள் இரண்டின் ஃபிளேஞ்சையும், அதாவது பொருத்தும் விளிம்பையும், சேர்த்துக் கவ்வுகின்றன. புதிய மேனிஃபோல்டின் ஃபிளேஞ்ச் கனம் பழைய எக்ஸாஸ்டின் கனத்தோடு ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டாலும் வாஷர் சாய்ந்து, கனமானதை மட்டுமே அழுத்தும். மற்றது தளர்ந்து கசியும்; அது இன்டேக்காக இருந்தால் ஏர் பிடிக்கும், அதாவது இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே புகும். நட்டை இன்னும் முறுக்கினால் ஸ்டட்தான் கழன்று வரும். வெர்னியரால் இரண்டு கனத்தையும் அளந்து, லேத்தில் படி வைத்த வாஷர் கடைந்துகொள்ளலாம். அல்லது கனமான ஃபிளேஞ்சை மில்லிங்கில் சமன் செய்யலாம். முகத்தில் நேர்சட்டம் வைத்து ஃபீலர் கேஜ் விட்டால் 0.1 மி.மீ. தகடு நுழையக் கூடாது. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும்: 300 மி.மீ. நீளத்தில், 80 டிகிரி சூடேறினால் வித்தியாசம் 0.3 மி.மீ. ஸ்டட் துளைகளில் அவ்வளவாவது இடைவெளி வேண்டும்.

வாய் அளவும் முக்கியம். மேனிஃபோல்டின் துவாரம் ஹெட்டின் துவாரத்தைவிடச் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் சிறிதாக இருப்பதில் கெடுதல் இல்லை. பெரிதாக இருந்தால் ஹெட்டின் விளிம்பு ஓட்டத்தில் முட்டும்.

கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஓ-ரிங் வைத்த மென்மையான மவுண்ட் வரும். அதன் இரட்டைச் சுருள் வாஷரை முழுவதும் நசுங்கும்படி இறுக்கக் கூடாது. சுருள்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர் விட வேண்டும். இறுக்கிவிட்டால் எஞ்சின் அதிர்வில் பெட்ரோல் நுரைத்து, வேகத்தில் மிஸ்ஸிங் வரும். பெட்ரோல் அழுத்தம் 3 பி.எஸ்.ஐ. அளவில் போதும், கூடினால் ஊசி வால்வு தாங்காமல் ஓவர்ஃப்ளோ ஆகும். அடியிலேயே சுடும் எக்ஸாஸ்ட் இருப்பதால் அது தீப்பிடிக்கும் ஆபத்து. அதே காரணத்தால் நடுவே வெப்பத் தடுப்புத் தகடு கட்டாயம். சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்தியதும் மிதவை அறையில் பெட்ரோல் கொதித்து, சூட்டோடு திரும்பக் கிளப்ப அடம்பிடிக்கும் தொந்தரவு பெரும்பாலும் இந்தத் தகடு இல்லாத வண்டிகளில்தான்.

பிரேக்கை எளிதாக அழுத்த உதவும் பிரேக் சர்வோவுக்கு வேக்குவம் எடுக்கும் குழாய் மேனிஃபோல்டில் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டிஸ்ட்ரிப்யூட்டரின் வேக்குவம் அட்வான்ஸுக்கும், அதாவது லேசாக ஓட்டும்போது தீப்பொறியை முன்கூட்டியே விழச்செய்யும் அமைப்புக்கும், ஓர் இணைப்பு தேவை. அதை அப்படியே அடைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது, மைலேஜ் அதில்தான் போகிறது.

பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைதான் மெயின் ஜெட். அதன் தொடக்க அளவுக்கு வென்ச்சுரி அளவை 4-ஆல் பெருக்கலாம்: 34-க்கு 136, அதாவது 135 எண் மெயின் ஜெட். அந்தப் பெட்ரோலோடு காற்றைச் சேர்க்கும் ஏர் ஜெட் அதோடு 50 கூட்டி, 185. இது பழைய பெட்ரோலுக்கான கணக்கு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, அதே காற்றுக்கு 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். 140 ஜெட்டின் துளைப் பரப்பு 135-ஐவிட 7.5 சதவீதம் அதிகம், ஆகவே அங்கிருந்து தொடங்கலாம். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறினால், 2,100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து, கலவையில் பெட்ரோல் பங்கு கூடி அது சுமார் 10 சதவீதம் தடிக்கும். அங்கே ஸ்பார்க் பிளக் கறுத்திருப்பதைப் பார்த்து ஜெட்டைச் சிறிதாக்கிவிட்டால், திரும்பி மதுரை வந்து பைபாஸில் மிதிக்கும்போது கலவை மெலிந்து வால்வு சூட்டில் கருகிவிடும். பிளக் நிறத்தைச் சமவெளியில், எஞ்சின் நன்றாகச் சூடானபின், வேகத்தில் ஓட்டி உடனே அணைத்துப் பாருங்கள். நான்கில் ஒரு ஜோடி மட்டும் வெளுத்திருந்தால் ஜெட்டைத் தொட வேண்டாம்; அந்தப் பக்கத்து ஃபிளேஞ்சில் ஏர் பிடிக்கிறது. ஒரு முழ ரப்பர் ஹோஸின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை விளிம்பு நெடுக நகர்த்தினால் சீறல் கேட்கும் இடம் தெரிந்துவிடும்.