காட்டுயிர் ஆய்வுக்கு நிதி கேட்கும் மாணவர்களுக்கு: பணமும் அனுமதியும்

காட்டுயிர் ஆய்வுக்கு நிதி தேடும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் பலர் முழுக் கவனத்தையும் நிதி விண்ணப்பத்திலேயே வைத்துவிடுகிறார்கள். பணம் வந்த பிறகு வனத்துறை அனுமதிக்காகக் காத்திருந்து ஒரு பருவமே கைநழுவிப் போகிறது. தென்மேற்குப் பருவமழையில் இனப்பெருக்கம் செய்யும் தவளையை ஆராய்கிறவர் ஜூன், ஜூலையைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். ஆகவே நிதிக்கும் அனுமதிக்கும் ஒரே சமயத்தில் விண்ணப்பியுங்கள்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களுக்கு வேண்டியவை இரண்டு பிரிவுகள். சரணாலயத்துக்குள் நுழைந்து ஆய்வு செய்ய பிரிவு 28இன்படி அனுமதி வேண்டும். தேசியப் பூங்காவுக்கும் இதே விதிதான். அனுமதி தருபவர் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர். வனச்சரக அலுவலர் வாய்மொழியாகச் சரி என்றார் என்பதை நம்பி இறங்காதீர்கள். எழுத்தில் உத்தரவு வேண்டும்.

இரண்டாவது, ஆய்வு போன்ற காரணங்களுக்காக வேட்டைக்கு அனுமதி தரும் பிரிவு 12. இதைத்தான் மாணவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுகிறார்கள். இந்தச் சட்டத்தின்படி விலங்கைப் பிடிப்பதும் வேட்டையில் அடங்கும்; பறவை, ஊர்வனவற்றின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அப்படியே. சிறகின் நீளத்தை அளந்துவிட்டு உடனே பறக்கவிடுவதற்காக வலை கட்டி ஒரு பறவையைப் பிடித்தாலும், சட்டத்தின் அட்டவணையில், அதாவது பாதுகாக்கப்படும் உயிரினங்களின் பட்டியலில், உள்ள இனம் என்றால் பிரிவு 12 அனுமதி தேவை. முதல் அட்டவணை உயிரினம் என்றால் மத்திய அரசின் முன் அனுமதியும் சேரும், காலம் இன்னும் நீளும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அட்டவணைகள் மாறிவிட்டன. உங்கள் உயிரினம் எதில் இருக்கிறது என்பதைப் பழைய ஆய்வேட்டைப் பார்த்து எழுதாமல், திருத்திய பட்டியலில் சரிபாருங்கள்.

முதுகலை மாணவர்களுக்கு ஆய்வு செய்ய நாலைந்து மாதம்தான் கையில் இருக்கும். அவர்களுக்கு நான் சொல்வது, புலிகள் காப்பகத்தை விட்டுவிட்டு ஊர் ஏரியையோ வயலையோ கல்லூரி வளாகத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் பிடிக்காமல், பறவைகளைத் தொலைநோக்கியில் பார்த்து எண்ணும் ஆய்வுக்கு அங்கே இந்த இரண்டு அனுமதிகளும் வேண்டாம். இடம் வனத்துறையின் பொறுப்பில் உள்ள காப்புக் காடாக அறிவிக்கப்பட்டதா என்று மட்டும் முதலில் விசாரியுங்கள். சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி அப்படிப்பட்டது. அங்கே வனத்துறையைக் கேட்காமல் இறங்க முடியாது.

பணத்துக்கு வருவோம். முனைவர் பட்ட மாணவர் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அல்லது சிஎஸ்ஐஆர் (அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு) நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது வாழ்க்கைச் செலவுக்குப் போதும், களச் செலவுக்குப் போதாது. களச் செலவுக்கு பிரிட்டனின் ரஃபர்ட் அறக்கட்டளை போன்றவை சிறு நிதி தருகின்றன. அவர்கள் பார்ப்பது ஆய்வால் அந்த உயிரினத்துக்கோ இடத்துக்கோ என்ன பாதுகாப்பு கிடைக்கும் என்பதை. வெறும் பட்ட ஆய்வாக எழுதினால் எடுபடாது. கல்லூரிக் கட்டணத்தை அதில் சேர்க்கவும் முடியாது. வெளிநாட்டுப் பணம் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் வருமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரிக் கணக்குப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

செலவுப் பட்டியலை மேலோட்டமாக எழுதாதீர்கள். "பயணம்: 40,000" என்று ஒரே வரியில் எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. எத்தனை நாள் ஜீப், ஒரு நாள் வாடகை எவ்வளவு, விலங்கு கடந்தால் தானாகப் படமெடுக்கும் கேமரா ட்ராப்புக்கு எத்தனை பேட்டரி, அனுமதிக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். யானை நடமாடும் காட்டில் உள்ளூர்க்காரர் ஒருவர் துணையில்லாமல் நடக்கவே கூடாது. அவருடைய நாள் கூலியைக் குறைத்து எழுதாதீர்கள். தடம் பார்ப்பதும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து உங்களை நிறுத்துவதும் அவர்தான். கடைசி வரியாக, ஆய்வு முடிவைத் தமிழில் சுருக்கி அச்சடித்து வனச்சரக அலுவலகத்துக்கும் பக்கத்துக் கிராமங்களுக்கும் கொடுக்க ஒரு சிறு தொகையைச் சேருங்கள்.