ஸ்பின் பழக ஏழாயிரம் அடி ஏன் வேண்டும்?

ஏற்காட்டில் லேடீஸ் சீட் ஓரமாக நின்று பார்த்தால் சேலம் மொத்தமும் காலடியில் கிடக்கும். செட்டிச்சாவடிப் பக்கம் வெள்ளை வெளேரென்று மேக்னசைட் மேடுகள், ஓமலூரைப் பார்த்து ஓடும் பெங்களூரு நெடுஞ்சாலை, வானம் தெளிந்த நாளில் தொலைவில் மேட்டூர் நீர்ப்பரப்பு. அந்த விளிம்புக்கும் கீழே உள்ள ஊருக்கும் இடையே ஏறத்தாழ 3,500 அடி. பார்க்கிறவருக்குத் தலை சுற்றும் உயரம். ஆனால் செஸ்னா 152 போன்ற இரண்டு பேர் பயிற்சி விமானம் ஸ்பின்னில், அதாவது சுழன்றபடியே கீழே விழும் நிலையில் விழுந்து, ஆறு சுற்று சுற்றி, மீண்டு நேராவதற்குள் அந்த உயரத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிடும்.

ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் 1993இல் திறக்கப்பட்டது. பல ஆண்டுகள் பயணிகள் விமானமே இல்லாமல் கிடந்தது, 2018இல் மத்திய அரசின் உடான் என்ற சிற்றூர் விமான சேவைத் திட்டத்தில் சென்னை விமானம் வந்தது என்பதெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. பயணிகள் விமானம் நாளுக்கு ஒன்றிரண்டு என்றால், சின்னப் பயிற்சி விமானங்கள் மேலே வட்டமடிப்பதைத்தான் சுற்று வட்டாரத்தார் அடிக்கடி பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட விமானம் ஒன்றை வேண்டுமென்றே சுழன்று விழ வைத்துப் பழகுவதென்றால் அதற்குப் பின்னால் என்ன கணக்கு இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஸ்டால். விமானத்தின் இறக்கை எதிரே வரும் காற்றை ஒரு சிறு கோணத்தில் சந்திக்கிறது. இதைத் தாக்குகோணம் என்கிறார்கள். கோணம் கூடினால் விமானத்தை மேலே தூக்கும் ஏற்றுவிசையும் கூடும், ஆனால் ஓர் எல்லை வரைதான். பெரும்பாலான சிறு விமானங்களுக்கு 15 முதல் 18 பாகைக்குள் அந்த எல்லை வந்துவிடும். அதற்கு மேல் போனால் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த காற்று பிரிந்து கலைகிறது. ஏற்றுவிசை சரிகிறது, காற்று பின்னுக்கு இழுக்கும் இழுவை எகிறுகிறது. இதுதான் ஸ்டால். எஞ்சின் நின்றுபோவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டால் ஆகலாம்.

இரண்டு இறக்கையும் ஒரே அளவில் ஸ்டால் ஆனால் மூக்கு கீழே கவிழும், அவ்வளவுதான். பிடித்திருக்கும் கண்ட்ரோலைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் போதும், விமானம் மறுபடி பறக்கும். சிக்கல், விமானம் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டிருக்கும்போது ஸ்டால் ஆவதில் இருக்கிறது.

சாதாரணப் பறத்தலில் இடது இறக்கை கொஞ்சம் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கும் இறக்கை காற்றைக் கீழிருந்து சந்திப்பதால் அதன் தாக்குகோணம் கூடுகிறது. கோணம் கூடியதால் ஏற்றுவிசை கூடி, இறக்கை இறங்குவதை எதிர்க்கிறது. விமானம் சட்டென்று உருளாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். ஸ்டால் எல்லையைத் தாண்டியபின் இதே ஏற்பாடு தலைகீழாகிவிடுகிறது. இறங்கும் இறக்கையின் கோணம் கூடுகிறது, ஆனால் இப்போது கோணம் கூடினால் ஏற்றுவிசை குறைகிறது. அதனால் இன்னும் இறங்குகிறது. போதாக்குறைக்கு அந்தப் பக்கம் இழுவையும் அதிகமாகி மூக்கை அதே திசைக்குத் திருப்புகிறது. எதிர்ப்பக்க இறக்கைக்கு ஸ்டால் குறைவு, அதற்கு இன்னும் கொஞ்சம் ஏற்றுவிசை மிச்சமிருக்கிறது. ஒரு பக்கம் தூக்க, மறுபக்கம் இழுக்க, யாரும் சுற்றிவிடாமலே விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது.

மகோகனி மரத்தின் காய் வெடித்து ஒற்றை இறக்கை விதை சுழன்று சுழன்று விழுமே, அதுவும் காற்றே சுற்றிவிடும் சுழற்சிதான். விதைக்கு அந்தச் சுழற்சி வரம், மெதுவாக இறங்கித் தாய்மரத்தை விட்டு விலகிப் போய் விழும். விமானத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நிமிடத்துக்கு ஐயாயிரம் அடிக்கும் மேலான வேகத்தில் அது கீழே போகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு வேகமாக விழும்போதும் காற்றுவேகமானி குறைவான எண்ணையே காட்டும். இறக்கைகள் ஸ்டாலில் இருப்பதால் முள் ஸ்டால் வேகத்தின் அருகிலேயே நிற்கும். ஸ்பின்னுக்கு இதுதான் அடையாளம். இதே போலத் தோன்றும் இன்னொரு நிலை ஸ்பைரல். அதிலும் விமானம் சாய்ந்து வட்டமிட்டுக் கீழே பாய்கிறது, ஆனால் ஸ்டால் ஆகவில்லை, வேகம் மளமளவென ஏறுகிறது. செஸ்னா 172இல் ஸ்பின் தொடங்கிவிட்டு அப்படியே விட்டால் பல நேரம் அது தானாகவே ஸ்பைரலாக மாறிவிடும். அந்த விமானம் அவ்வளவு சாது. ஸ்பைரலில் போய் ஸ்பின்னுக்கான வைத்தியத்தைச் செய்து மூக்கை இன்னும் தாழ்த்தினால் வேகம் எல்லை மீறும், இழுத்து நிமிர்த்தும்போது இறக்கைக்குத் தாங்க முடியாத சுமை ஏறும். ஆகவே ஜன்னலில் தரை சுற்றுவதைப் பார்த்துத் திகைக்காமல், முதலில் அந்த ஒரு முள்ளைப் பார்க்க வேண்டும்.

ஸ்பின்னிலிருந்து மீண்ட கதைகளில் பேர்போன பழைய கதை 1912 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தின் லார்க்ஹில்லில் நடந்தது. வில்ஃபிரட் பார்க் என்ற கடற்படை லெப்டினன்ட் ஓட்டிய ஆவ்ரோ விமானம் சுமார் 700 அடியில் சுழன்று விழத் தொடங்கியது. அவர் எஞ்சின் வேகத்தைக் கூட்டினார், மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரைப் பின்னால் இழுத்தார், மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகையான ரடரைச் சுழலும் திசையிலேயே திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ரடரை எதிர்த்திசையில் தள்ள, தரைக்கு ஐம்பதடி மேலே விமானம் நேரானது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே வேறொரு விபத்தில் பார்க் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற அந்த எதிர் ரடர் மட்டும் இன்றுவரை பாடத்தில் இருக்கிறது.

இன்று சொல்லித்தரும் வரிசை இப்படிப் போகிறது: த்ராட்டிலை ஐடிலுக்குக் கொண்டுவா (எஞ்சின் விசையை மிகக் குறை), ஐலரானை (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகை) நடுவில் வை, சுழற்சிக்கு எதிர்ப்பக்க ரடரை முழுக்க மிதி, பிறகு எலிவேட்டரை முன்னே தள்ளு. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. எஞ்சின் விசை பல விமானங்களில் மூக்கைத் தூக்கிப் பிடித்து ஸ்பின்னைத் தட்டையாக்கும், தட்டையான ஸ்பின்னிலிருந்து மீள்வது கடினம். ஐலரான் விஷயம் இன்னும் நயவஞ்சகமானது. இறங்கிப்போகும் இறக்கையைத் தூக்கத்தான் கை தானாகப் போகும். அப்படிச் செய்தால் அந்த இறக்கையின் ஐலரான் கீழே மடங்கி, ஏற்கெனவே ஸ்டாலில் கிடக்கும் பகுதியின் கோணத்தை மேலும் கூட்டி, இழுவையை அதிகரித்து, சுழற்சிக்கே துணை போகும். எலிவேட்டரை ஏன் ரடருக்குப் பிறகு தள்ள வேண்டும்? சுழன்று விழும் விமானத்துக்குக் காற்று கீழிருந்து வருகிறது. கிடைமட்ட வால் அந்தக் காற்றை மறித்து, மேலே இருக்கும் ரடரின் ஒரு பகுதியைக் கலங்கிய காற்றில் மூழ்கடிக்கிறது. எலிவேட்டரை அவசரப்பட்டுத் தாழ்த்தினால் ரடருக்குக் கிடைக்கும் நல்ல காற்று இன்னும் குறையலாம். சுழற்சி நின்றதும் ரடரை நடுவுக்குக் கொண்டுவர மறந்தால் விமானம் மறுபக்கமாகச் சுழலத் தொடங்கும். இதெல்லாம் பொதுவான வரிசை. அந்தந்த விமானத்தின் கையேடு வேறு மாதிரிச் சொன்னால் கையேடு சொல்வதுதான் சரி.

ஆனால் இந்த வரிசையை மனப்பாடம் செய்வதைப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. என் கருத்தில் பாதுகாப்பில் முக்கால் பங்கு தரையிலேயே முடிந்துவிடுகிறது: எந்த விமானம், அதில் எங்கே எவ்வளவு எடை, எந்த இடத்துக்கு மேலே, எத்தனை அடி.

எந்த விமானம் என்பது அனுமதியைப் பொறுத்தது. செஸ்னா 152இல் ஸ்பின் பழகலாம். 172இல் யுட்டிலிட்டி வகை என்ற குறைந்த எடை வரம்புக்குள் எடை இருக்க வேண்டும், பின்னிருக்கையில் ஆளோ சாமானோ கூடாது, ஃபிளாப் (மெதுவாகப் பறக்க உதவும் இறக்கைப் பின்விளிம்புப் பலகை) இறக்கியிருக்கக் கூடாது. டயமண்ட் டிஏ40இல் வேண்டுமென்றே ஸ்பின் செய்யத் தடை. தடையுள்ள விமானங்களும் சோதனையில் ஒரு சுற்றிலிருந்தோ மூன்று விநாடி ஸ்பின்னிலிருந்தோ மீண்டு காட்டியிருக்கலாம், அதை வைத்துக்கொண்டு “மீளுமே, பண்ணிப் பார்க்கலாம்” என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. முதல் சுற்றில் ஸ்பின் இன்னும் நிலைகொள்வதில்லை. பல சுற்று போய் நன்றாக நிலைத்தபின் அந்த விமானம் என்ன செய்யும் என்பதற்கு அந்தச் சோதனை எந்த உத்தரவாதமும் தரவில்லை. சிர்ரஸ் விமானங்களில் கையேடு சொல்லும் வழியே வேறு: விமானத்தோடு பொருத்தப்பட்ட பாராசூட்டை விரித்துவிடு.

எடை என்பது மொத்தக் கிலோ மட்டுமல்ல, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும்தான். எடைமையம் பின்னால் நகர நகர, ஸ்பின் தட்டையாகும் வாய்ப்பு கூடுகிறது, எலிவேட்டருக்கும் ரடருக்கும் நெம்புகோல் நீளம் குறைகிறது. பின்னால் கிடக்கும் ஒரு பை இங்கே வெறும் பை அல்ல. முன்னால் தரையில் உருளும் தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான், அது ரடர் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

இனி உயரம். செஸ்னா 152 கையேடு, முடிந்தவரை தரைக்கு 4,000 அடி மேலேயே மீண்டு முடித்துவிடும்படி தொடங்கச் சொல்கிறது. ஒரு சுற்று சுற்றி மீள்வதற்குக் குறைந்தது 1,000 அடி ஒதுக்க வேண்டும், ஆறு சுற்றுக்கு அதைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல். சேலம் சமவெளி கடல்மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் அடி. உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் கடல்மட்டத்திலிருந்துதான் காட்டும் என்பதால், அதில் 5,000க்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டு சுற்று பழகவும், கை தடுமாறினால் தாங்கவும் சேர்த்தால் 7,000 அடியில் தொடங்குவது நியாயம்.

பயிற்சிக்கு வரும் பையன்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது. “சார், ஏற்காட்டுக்கு மேல போய்ப் பண்ணினா என்ன? அங்க உயரம் ஜாஸ்தியாச்சே?” அதற்குப் பதில், “உயரம் மலைக்குத்தாம்பா, நமக்கு இல்ல.” சேர்வராயன் உச்சி 5,300 அடியை ஒட்டி நிற்கிறது. அதற்கு மேலே அதே 4,000 அடியை விட்டுவைத்து, சுற்றுக்கான உயரத்தையும் சேர்த்தால் 11,000 அடிக்கு ஏறித்தான் தொடங்க வேண்டும். சின்ன எஞ்சினுக்கு அந்த உயரத்தில் மூச்சு வாங்கும், ஏறி முடிப்பதற்குள் பயிற்சி நேரமும் பெட்ரோலும் போய்விடும். மலைச்சரிவில் ஏறி இறங்கும் காற்றும், சொல்லாமல் வந்து மூடும் மேகமும் தனிக்கணக்கு. நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சேலத்தைச் சுற்றியே குன்றுகள் உண்டு, ஆகவே இடத்தையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓமலூர்ச் சமவெளிக்கு மேலே என்றால் நெடுஞ்சாலை நேர்க்கோடாகக் கிடக்கும். மூக்கு அந்தக் கோட்டை எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணினால் சுற்றுக் கணக்கு பிசகாது. தொடங்கும் முன் இரண்டு பக்கமும் திரும்பி, கீழே வேறு விமானம் இல்லை என்று பார்த்துக்கொள்வதும் இதில் அடக்கம்.

சேலத்து வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் 38 பாகை அடிக்கும் பிற்பகலில், ஆயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஓடுபாதையில் காற்றின் அடர்த்தி, வழக்கமான வானிலையில் சுமார் நாலாயிரம் அடியில் இருக்கும் அளவுக்குக் குறைந்துபோகும். காற்றின் மெலிவைப் பொறுத்தவரை விமானம் கிட்டத்தட்ட ஏற்காட்டிலிருந்து கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஏறுவதற்கு நேரம் ஆகும், அனலும் தூக்கிப் போடும். விடிகாலைதான் இதற்கு ஏற்ற பொழுது.

காதுக்குள் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். உட்செவியின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம், சுழற்சி நீடித்தால் அதற்குப் பழகிவிடும். சுழற்சி நின்றதும் திரவம் தொடர்ந்து ஓட, எதிர்ப்பக்கம் சுழல்வதாக மூளை சத்தியம் செய்யும். அதை நம்பி ரடரைத் தொட்டால் பழைய ஸ்பின்னுக்கே திரும்பிப் போவோம். கண்ணுக்குத் தொடுவானம் தெரிந்தால் இந்தப் பொய்யை முறியடிக்கலாம். மேகத்துக்கு அருகில் ஸ்பின் பழகக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அமெரிக்காவில் 1949இல் தனியார் விமானி உரிமத்துக்கு ஸ்பின் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார்கள். ஸ்டாலையே தவிர்க்கக் கற்றுக்கொடுங்கள் என்பது வாதம். பயிற்றுநராகப் போகிறவர்களுக்கு மட்டும் இன்றும் அது உண்டு. கைவிட்டது சரியா தப்பா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. உயிரைக் குடிக்கும் ஸ்பின்கள் பெரும்பாலும் தரைக்குப் பக்கத்தில் நேர்கின்றன என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறது. இறங்க வரும் விமானி ஓடுபாதைக்கு நேராகக் கடைசித் திருப்பம் எடுக்கும்போது சற்றுத் தாண்டிப் போய்விடுகிறார். சாய்வைக் கூட்டப் பயந்து ரடரை மட்டும் அழுத்தி மூக்கைத் திருப்புகிறார், இறங்கும் மூக்கைப் பிடிக்க எலிவேட்டரை இழுக்கிறார். ஸ்பின்னுக்கு வேண்டிய இரண்டும், ஸ்டாலும் பக்கவாட்டுத் திருப்பமும், சேர்ந்துவிட்டன. அப்போது கையில் இருப்பது 500 அடி. எவ்வளவு சுத்தமாக மீண்டாலும் ஒரு சுற்றுக்கு ஆயிரம் வேண்டுமே.

அதனால் எனக்குப் பிடித்த பயிற்சி, பத்துச் சுற்று சுற்றிக் காட்டுவது அல்ல. 7,000 அடியில், கீழே 6,500 அடியில் ஓர் ஓடுபாதை இருப்பதாகப் பாவித்து, பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, அந்தக் கோணல் திருப்பத்தை மாணவரையே செய்யவிடுவது. ரடர் அழுத்தம், இழுப்பு, ஸ்டால் எச்சரிக்கை ஒலி, சட்டென்று உள்பக்க இறக்கை புரளுதல், ஒரு சுற்று, முறைப்படி மீள்தல். நேரானதும் ஆல்டிமீட்டரைப் படிக்கச் சொன்னால் 6,000 பக்கம் இருக்கும், பாவித்த தரைக்கு ஐந்நூறு அடி கீழே. அடுத்த முறை அதே திருப்பத்தில் எச்சரிக்கை ஒலி கேட்ட நொடியிலேயே இழுப்பைத் தளர்த்தி, ரடரை நேராக்கச் சொல்ல வேண்டும். இறக்கை புரளாது, உயரமும் அதிகம் போகாது. பிறகு அதையே இடப்பக்கம், வலப்பக்கம், ஃபிளாப் இல்லாமல், வேறு வேறு வேகத்தில் திரும்பத் திரும்பச் செய்யவைக்கலாம்.