கொட்டாவியை அடக்கச் சொன்ன சாமுராய்

ஜப்பானுக்கு வேலைக்குப் போகும் பொறியாளர்களுக்கு மொழி சொல்லிக்கொடுப்பது என் தொழில். 18 வருடமாகிறது. முதல் வகுப்பில், "ஜப்பானைப் பற்றி என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று கேட்பேன். ஒரு வகுப்புக்கு ஒருவராவது எழுந்து, "சாமுராயின் வழி என்பது மரணம்தான், மேடம்" என்பார். வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். இல்லாவிட்டால் ஏதாவது தன்னம்பிக்கைப் பேச்சில் கேட்டிருப்பார்.

அந்த வரி 'ஹாகாகுரே' என்ற நூலில் உண்மையாகவே இருக்கிறது. அது யார் வாயிலிருந்து வந்தது என்பதை மட்டும் யாரும் சேர்த்து அனுப்புவதில்லை. சொன்னவர் சாகா சிற்றரசில் பணிபுரிந்த யாமாமோதோ சுனெதோமோ (1659–1719). அவர் பிறப்பதற்கு முன்பே நாட்டில் போர்கள் ஓய்ந்துவிட்டன. ஒரு போர்க்களத்தையும் பார்க்காத சாமுராய் அவர். 1700ல் அவருடைய பிரபு இறந்தார். உடன் உயிர் விடுவது பழைய வழக்கம். ஆனால் அந்தப் பிரபுவே அதைத் தடைசெய்து வைத்திருந்தார். சுனெதோமோ தலையை மழித்துக்கொண்டு குடிலுக்குப் போய்விட்டார். 1710 முதல் தாஷிரோ சுராமோதோ என்ற இளையவர் வந்து, கிழவர் பேசியதையெல்லாம் எழுதிக்கொண்டார். 1716ல் அது 11 தொகுதிகளாக முடிந்தது. படித்த பிறகு நெருப்பில் போட்டுவிட வேண்டும் என்ற குறிப்பும் அதிலேயே இருக்கிறது.

வேலை போய், காலம் மாறி, மனம் ஆறாத ஒருவரின் பேச்சு இது. அப்படிப் படித்தால்தான் மற்றப் பக்கங்களும் கண்ணில் படும். நாலு பேர் முன்னால் கொட்டாவி வந்தால் நெற்றியை மேல்நோக்கித் தடவு, அடங்காவிட்டால் வாயை மூடியபடி உதட்டை நக்கு என்று ஓரிடத்தில் சொல்கிறார். குடித்த மறுநாள் முகம் வெளிறிக் கிடந்தால் பூசிக்கொள்ள, சட்டைக் கையில் கொஞ்சம் செஞ்சாயப் பொடி வைத்துக்கொள் என்கிறார் இன்னோரிடத்தில். மனித வாழ்க்கை கொஞ்ச காலம்தான், பிடித்ததைச் செய்து வாழ வேண்டும், எனக்குத் தூங்கப் பிடிக்கும் என்றும் அதே வாய்தான் சொல்கிறது. இதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பி நான் பார்த்ததில்லை.

இந்த நூல் சுமார் 200 வருடம் சாகாவுக்குள்ளேயே கைப்பிரதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அச்சுக்கு வந்தது 1906ல். 1940ல் கையடக்கப் பதிப்பு வெளிவந்து, போருக்குப் போன இளைஞர்களின் பையில் ஏறியது. சாவைப் பற்றிய அந்த ஒரு வரி மற்ற எல்லா வரிகளையும் விழுங்கியது அப்போதுதான். ஆக, நம் கைக்கு வருவது 18ஆம் நூற்றாண்டின் குரல் மட்டும் அல்ல. 1940களின் தேவையும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

'புஷிடோ' (சாமுராய் நெறி) என்ற நூலின் கதை இன்னும் வேடிக்கை. அதைப் பழஞ்சுவடி என்று நினைத்துக்கொண்டிருந்த மேலாளர் ஒருவரை எனக்குத் தெரியும். நிதோபே இனாசோ அதை எழுதியது அமெரிக்காவில், ஆங்கிலத்தில், வெளிவந்தது 1900ல். அவர் குவேக்கர் கிறிஸ்தவர், மனைவி ஃபிலடெல்ஃபியாக்காரர். 'உங்கள் பள்ளியில் மதக்கல்வி இல்லையென்றால் ஒழுக்கத்தை எப்படிக் கற்றுத்தருகிறீர்கள்?' என்று பெல்ஜிய அறிஞர் ஒருவர் கேட்ட கேள்வி பல வருடம் மனதை உறுத்தியதால் எழுதினேன் என்று முன்னுரையிலேயே சொல்கிறார். சாமுராய்கள் வாள் தரிப்பது 1876லேயே தடைசெய்யப்பட்டாயிற்று. அந்த வர்க்கமே கலைந்த பிறகு, மேல்நாட்டாருக்கு விளக்கம் சொல்ல எழுந்த நூல் அது. ஜப்பானிய மொழிக்கு 1908ல்தான் போனது, அதுவும் மொழிபெயர்ப்பாக! டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பேசில் ஹால் சேம்பர்லின், இந்த 'புஷிடோ'வே அண்மையில் புதிதாக உருவாக்கப்பட்டது என்று 1912லேயே எழுதிவிட்டார். அதனால் நூல் வீண் என்று சொல்ல மாட்டேன். 1900ல் ஒரு படித்த ஜப்பானியர் தன் நாட்டை உலகத்தின் முன் எப்படி நிறுத்த விரும்பினார் என்று அறிய அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

என்னிடம் யாராவது ஒரே ஒரு பழைய நூலைச் சொல்லுங்கள் என்று கேட்டால் 'ஹோஜோகி'யைச் சொல்வேன். துறவி காமோ நோ சோமெய் 1212ல் எழுதியது, ஒரு மாலையில் படித்துவிடலாம். ஓடும் ஆறு நிற்பதில்லை, ஆனால் அது பழைய நீரும் அல்ல என்று தொடங்கும். இந்தத் தொடக்கத்தையும், மலையில் அவர் கட்டிக்கொண்ட பத்தடிக்குப் பத்தடிக் குடிலையும் மட்டும் எடுத்துக்கொண்டு, 'எளிமையாக வாழுங்கள்' வகைப் புத்தகங்கள் கடையை விரித்துவிடுகின்றன. நடுவில் இருப்பது என்ன தெரியுமா? செய்தியாளன் குறிப்பேடு. 1177ல் கியோட்டோவின் மூன்றில் ஒரு பங்கை எரித்த தீ. 1180ல் சூறாவளி, அதே வருடம் தலைநகரை ஃபுகுஹாராவுக்கு மாற்றிய கூத்து. 1181–82ல் பஞ்சம். 1185ல் நிலநடுக்கம்.

பஞ்சத்தைப் பற்றிய பகுதியை வகுப்பில் படிக்கும்போது எனக்கு இன்றும் குரல் தடுமாறும். யாரிடம் அன்பு அதிகமோ அவர் முதலில் சாகிறார், கிடைத்த உணவை மற்றவருக்குக் கொடுத்துவிடுவதால். சந்தையில் விற்கும் விறகில் செஞ்சாயமும் தங்க ரேக்கும் ஒட்டியிருக்கிறது. விசாரித்தால், கோயில் புத்தர் சிலையை உடைத்து எடுத்த கட்டை. நின்னாஜி மடத்துத் துறவி ர்யூக்யோ தெருத்தெருவாகப் போய், பிணங்களின் நெற்றியில் 'அ' என்ற புனித எழுத்தை எழுதுகிறார். இரண்டே மாதத்தில் நகரின் கிழக்குப் பாதியில் மட்டும் 42,300க்கு மேல். நிலநடுக்கம் முடிந்ததும் எல்லோரும் உலகத்தின் நிலையாமையைப் பேசினார்கள், வருடங்கள் போனதும் அதை வாயில் எடுப்பவர் ஒருவரும் இல்லை என்று சொல்லி நகர்கிறார் சோமெய். இவ்வளவையும் பார்த்தவன் கட்டிய குடில் அது. இரண்டு வண்டியில் ஏற்றிவிடலாம் என்ற கணக்கோடு கட்டியது.

பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற நாத்சுமே சோசெகி, 1891ல் மாணவராக இருந்தபோது தன் ஆங்கிலப் பேராசிரியருக்காக இதை மொழிபெயர்த்தார். பேராசிரியர் டிக்சன் அதை வைத்து சோமெயையும் ஆங்கிலக் கவி வேர்ட்ஸ்வொர்த்தையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினார். பிணத்தின் நெற்றியில் எழுதப்பட்ட 'அ' எங்கே, வேர்ட்ஸ்வொர்த் பாடிய டாஃபோடில் பூ எங்கே! ஆனாலும் தனக்குத் தெரிந்ததன் அருகில் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது மனித இயல்பு. நாமும் அதைத்தான் செய்கிறோம். பாரதி 1916ல் 'ஜப்பானியக் கவிதை' என்ற கட்டுரையை எழுதியதும், ஜப்பானியக் கவி யோனே நொகுச்சி ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்துவிட்டுத்தான்.

மொழிபெயர்ப்பில் வெட்டு என்ன விழுந்திருக்கிறது என்று பாருங்கள் என்றும் மாணவர்களிடம் சொல்வதுண்டு. ஆங்கில மொழிபெயர்ப்பாளர் ஆர்தர் வெய்லி 1928ல் வெளியிட்ட 'தலையணை நூல்' (அரசவைப் பெண் ஒருவரின் பழைய குறிப்புகள்) மூலத்தில் கால் பங்குதான். 'கெஞ்சி' என்ற பழம்பெரும் நாவலை அவர் செய்த மொழிபெயர்ப்பில் 38ஆம் அத்தியாயமே இல்லை. இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்து ஒரே பக்கத்தைப் படித்தால் இது தானே தெரியும். மூலம் தெரியாதே என்று கூச வேண்டாம். ஜப்பானியர்களே 'கெஞ்சி'யை இன்றைய மொழியில் பெயர்த்துத்தான் படிக்கிறார்கள். நாம் உரை இல்லாமல் அகநானூறு படிக்கிறோமா என்ன?

சொற்களிடம்தான் நானே அதிகம் ஏமாந்திருக்கிறேன். 'மோனோ நோ அவாரே' என்பதை ஒரு காலத்தில் 'பொருள்களின் சோகம்' என்று எழுதிப்போட்டுக் கற்பித்தேன். அந்தக் கருத்தை விரித்துச் சொன்ன மோதோஓரி நோரினாகா (1730–1801) ஒரு மருத்துவர். அவாரே என்பது மனம் நெகிழ்ந்தபோது தானாக வரும் ஒலி என்கிறார். அப்படியானால் 'அடடா'தான் அதற்கு அருகில் வரும். அடடாவுக்குள் சோகமும் உண்டு, மகிழ்ச்சியும் உண்டு.

'கிரி' என்ற சொல்லை இன்னும் மோசமாகக் கையாண்டேன். அகராதியைப் பார்த்துக் 'கடமை' என்று சொல்லிவிட்டேன். சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த பையன் ஒருவர் நகோயாவிலிருந்து ஃபோன் செய்தார். உடன் வேலை செய்பவரின் அப்பா இறந்ததற்குக் கவரில் பணம் வைத்துக் கொடுத்தாராம். ஏழு வாரம் கழித்து வீட்டுக்குப் பச்சைத் தேயிலையும் துண்டும் பார்சலில் வந்திருக்கிறது. "மேடம், என் பணம் வேண்டாம்னு திருப்பிட்டாங்களா? நான் ஏதாவது தப்பா செஞ்சுட்டேனா?" என்று பதறினார். இப்போது இதற்குப் பதிலாக மறுபடி ஏதாவது வாங்கி அனுப்பலாமா என்று வேறு கேட்டார்.

அது கோதென்-காஏஷி. வந்த தொகையில் ஏறக்குறைய பாதி மதிப்புக்குப் பொருளாகத் திருப்பி அனுப்புவது. அதோடு அந்தச் சுற்று முடியும். யார் எவ்வளவு கொடுத்தார் என்று ஏட்டில் எழுதி வைப்பார்கள், அடுத்த முறை அவர் வீட்டில் துக்கம் என்றால் பார்த்துச் செய்ய. எடோ காலத்துக் (1603–1868) கிராமங்களின் அப்படிப்பட்ட ஏடுகளை வரலாற்றாய்வாளர்கள் இன்று ஆவணமாகப் படிக்கிறார்கள். "உங்க வீட்டுல மொய் நோட்டு இருக்குல்ல? கிரின்னா அதான் தம்பி" என்றேன். எதிர்முனையில் ஒரு விநாடி அமைதி. பிறகு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார்.